தீவுக்குக் கிளம்பி மலைக்குப் போன கதை

"மச்சி, இந்த லீவுக்கு ஒரு தீவு!"

ராத்திரி பதினோரு மணிக்கு, ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைத்து இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான் பட்ஜெட். (இது பட்டப்பெயர். டீ குடித்தால்கூட நோட்டில் எழுதி வைக்கிற ஜென்மம்.) தீவு என்றதும் எல்லோருக்கும் கண் விரிந்துவிட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் மொத்தம் 21 தீவுகள். அதில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டது. மிச்சமிருப்பதையாவது பார்த்துவிடுவோம், கண்ணாடி மாதிரி தண்ணி, பவளப்பாறை, அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின், பேரதிர்ஷ்டம் இருந்தால் கடல்பசு... கற்பனையிலேயே பாதி தூரம் நீந்திவிட்டோம்.

மறுநாள் காலையில் கனவு தரை தட்டியது. அந்தத் தீவுகள் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்த தீவில் நினைத்த நேரத்தில் போய் இறங்க முடியாது. அனுமதி வேணும், படகு வேணும், எல்லாத்துக்கும் மேல பணம் வேணும். பட்ஜெட் நோட்டைத் திறந்து கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "அஞ்சு பேர் போக முடியாது. ரெண்டு பேர் போகலாம், மீதி மூணு பேர் கரையில நின்னு டாட்டா காட்டலாம்" என்றான்.

அப்போதுதான், அதுவரை மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மிளகு வாயைத் திறந்தான்.

"தீவுதானடா வேணும்? எங்க ஊருக்கு வாங்க."

மிளகுவுக்கு ஊர் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டம். முதல் வருஷம் ஹாஸ்டலுக்கு வந்தபோது பையில் ஒரு கிலோ மிளகு கொண்டுவந்து மெஸ் மாஸ்டருக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் பேர் மிளகு. நிஜப் பேரை வருகைப் பதிவேட்டில் கூப்பிடும்போதுதான் எங்களுக்கே ஞாபகம் வரும்.

"மலையில எங்கடா தீவு? சுத்தி ராசிபுரம், சேந்தமங்கலம்தான இருக்கு?" என்று நான் கலாய்த்தேன். நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரிந்த ஒரே மலை, காலேஜ் சேர்ந்த பிறகு பார்த்த மலைக்கோட்டைதான்.

ஆனால் புரொபசர் துள்ளிக் குதித்து எழுந்துவிட்டான். விலங்கியல் மூன்றாம் வருஷம். சோடாபுட்டிக் கண்ணாடி, அதுக்கு மேல செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒரு பைனாகுலர். "அவன் சொல்றது சரிடா! அதுக்கு வானத்தீவுன்னே பேரு" என்று ஆரம்பித்தான். இவன் ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம், அதனால் சுருக்கித் தருகிறேன். கொல்லிமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல. குளிர்ச்சி, ஈரம், காடு. கீழே நாலு பக்கமும் கொதிக்கிற சமவெளி. மேலே ஈரத்தில் வாழ்ந்து பழகிய ஒரு தவளையோ, பல்லியோ, நத்தையோ அந்த வெயில் காட்டைத் தாண்டிப் பக்கத்து மலைக்குப் போக முடியாது. கடல் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரிதான். லட்சக்கணக்கான வருஷம் அப்படியே தனியாக இருந்தால், அந்த மலைக்கென்றே ஒரு உயிரினம் உருவாகிவிடும்.

"சும்மா கதை விடாத" என்றான் ரீல்ஸ். (எதைப் பார்த்தாலும் போனைத் தூக்குகிறவன்.)

"கதையா? 2019-ல ஒரு புதுப் பல்லி கண்டுபிடிச்சாங்க. பேரு ஹெமிடாக்டைலஸ் கொல்லியென்சிஸ். கொல்லிமலை பேரையே வச்சிருக்காங்க. அதே வருஷம் சங்ககிரி மலை பேர்ல இன்னொரு பல்லி. அதே வருஷம் ஏற்காட்டுல கிளியூர் அருவிகிட்ட வேற ஒண்ணு. பஸ்ல போனா ஒரே நாள்ல மூணு மலையையும் பார்த்துட்டு வந்துடலாம். பல்லிக்கு அது மூணு தனித்தனி நாடுடா!"

பல்லியைப் பார்க்க எவனாவது பஸ் ஏறுவானா? ஆனால் செலவு குறைவு, சாப்பாடு மிளகு வீட்டில், தங்கலும் அங்கேயே. பட்ஜெட் நோட்டை மூடினான். முடிவாகிவிட்டது.

பொங்கல் முடிந்து வந்த சனி, ஞாயிறு. திருச்சியில் விடிகாலை பஸ் பிடித்து நாமக்கல். அங்கிருந்து மலைக்குப் போகிற பஸ். காரவள்ளி வரைக்கும் சாதாரண ரோடுதான். அங்கே ஒரு திருப்பம் திரும்பியதும் முதல் போர்டு... கொண்டை ஊசி வளைவு 1/70.

எழுபது! ஊட்டி, கொடைக்கானல் போய் வந்தவன்கூட வாயைப் பிளக்கிற கணக்கு. இதுக்கென்றே பஸ்ஸும் நீளம் கம்மி. டிரைவர் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துச் சுழற்ற, நாங்கள் அஞ்சு பேரும் ஒருத்தர் மடியில் ஒருத்தர் போய் விழுந்து எழுந்தோம். இருபதாவது வளைவுக்குள் ரீல்ஸ் போனை உள்ளே வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டான். முப்பதைத் தாண்டியதும் காற்று மாறியது. அதுவரை முகத்தில் அடித்தது வெறும் காற்று. அதுக்கப்புறம் வந்ததில் இலை வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்திருந்தது.

நாற்பத்தி ஏழாவது வளைவில் எதிரே ஒரு லாரி. பஸ் ஓரங்கட்டி நின்றது. கைப்பிடிச் சுவர் முழுக்கக் குரங்குகள்! தலையில் குல்லாய் வைத்த மாதிரி முடி சுழித்துக்கொண்டு, நம்ம ஊர்க் குரங்குதான். எங்களுக்கு ஒரே குஷி. 'வைல்ட் லைஃப் ஆரம்பிச்சிருச்சு டோய்!' நான் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஜன்னல் வழியாக ஒன்று வீசினேன். பாய்ந்து வந்து பிடித்தது ஒன்று. இன்னொன்று வீசினேன், ரோட்டின் நடுவில் விழுந்தது. நாலைந்து சேர்ந்து ஓடி வந்தன. ஒன்றின் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. சிவந்த முகம், பெரிய காது, உலகத்தையே புதுசாகப் பார்க்கிற கண்.

"போடாதடா" என்றான் மிளகு.

"ஏன்?"

"போடாத. ரோட்டுக்கு வந்து பழகுதுங்க."

நான் கேட்டிருக்கலாம். ஆனால் சுற்றி நண்பர்கள், ஜன்னலோர சீட், வாய் சும்மா இருக்குமா? "ஏன்டா, உன் சொந்தக்காரங்களா? நல்லா பார்த்துக்கறேன் விடு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மிளகுவும் சிரித்தான். லாரி போனது, பஸ் கிளம்பியது. கையிலிருந்த மிச்சத்தையும் வீசிவிட்டு நான் ஜன்னலை மூடினேன். பையில் இன்னும் மூன்று பாக்கெட் இருந்தது.

எழுபது முடிந்து, சோளக்காடு தாண்டி, செம்மேட்டில் இறங்கினோம். அங்கே குதிரை மேல் கையில் வில்லோடு வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருத்தன், இந்த மலைக்கே ராஜா. ஆடிப் பதினெட்டையொட்டி வருஷா வருஷம் அவனுக்கு அரசு விழாவே நடக்கிறது. அவன் பெருமை பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152-வது பாட்டு. ஒரே அம்பு. முதலில் யானை, அடுத்து புலி, அடுத்து மான், அடுத்து காட்டுப்பன்றி, கடைசியாகப் புற்றில் இருந்த உடும்பு... அஞ்சையும் துளைத்துக்கொண்டு போய் நின்றதாம். பிளஸ் டூ வரைக்கும் இதை மார்க்குக்காகப் படித்தவன், அந்த மலையிலேயே நின்று யோசித்தால் வேற மாதிரி இருந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதிய விலங்குகள் பட்டியல் இது!

"அப்போ நம்ம பந்தயம் இதுதான்" என்றான் பட்ஜெட். "ஓரி அடிச்ச அஞ்சையும் நாம பார்க்கணும். பார்க்க மட்டும்தான்."

"யானையும் புலியும் இப்போ இங்க கிடையாது" என்றான் புரொபசர் உடனே. "ஆரம்பத்துலேயே ரெண்டு மார்க் போச்சு."

மிளகு வீடு செம்மேட்டிலிருந்து தள்ளி, ஒரு சரிவில் இருந்தது. போகிற வழியெல்லாம் சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. இன்னொரு பக்கம் பார்த்தால் மரவள்ளி. வாசலில் களம் முழுக்க காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. "வாங்க கண்ணுங்களா" என்று அவன் அம்மா கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து அவன் ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எது ரொம்ப ஒல்லியா இருக்குதோ அதுக்கு முதல்ல சோறு போடு" என்றார்கள். முதல் சோறு எனக்குத்தான்.

சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு. ஹோட்டல் பிரியாணிக்கு ஸ்டார் கொடுக்கிற ரீல்ஸ் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். முன்னாடியெல்லாம் இந்த மலை முழுக்க சாமை, தினை, கேழ்வரகுதானாம். அப்புறம் கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேணும் என்றதும், காசு கையில் வருகிற பயிராக அது ஏறிவிட்டது. சாமையைக் குத்தி உமி எடுப்பது பெரிய வேலை, எல்லாம் பெண்கள் தலையில்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல வருஷமாகச் சிறுதானியத்தைக் காப்பாற்ற வேலை செய்திருக்கிறது. அதில் முக்கியமான ஒரு வேலை, உமி நீக்கும் சின்ன மெஷின் கொண்டுவந்து வைத்தது. "அது வந்தப்புறம்தான் என் கை காய்ப்பு கொஞ்சம் இறங்கிச்சு" என்று உள்ளங்கையைக் காட்டினார்கள் அம்மா.

இங்கே ஒரு விஷயம். இந்த மலை மக்களுக்கு 'மலையாளி' என்று பேர். கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிற கதை ஒன்று உண்டு. ஆயா அந்தக் கதையை ஆரம்பித்து, நடுவில் காபிப் பழத்தைக் கோழி கிளறுவதைப் பார்த்து எழுந்து ஓடியதில், அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பியதோடு அது நின்றுபோனது. மிச்சம் அடுத்த தடவை.

நான் மூன்று வருஷமாக அவனோடு ஒரே ரூமில் படுத்து எழுந்திருக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அவன் சாதிச் சான்றிதழுக்காக அலைந்த நாட்களில் 'எங்கடா கிளாஸுக்கு மட்டம்?' என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் காட்டோரமாக நடந்தோம். ஆறு மணி இருக்கும். வெளிச்சம் குறைய ஆரம்பித்த நேரத்தில் புதருக்குள்ளிருந்து இரட்டை விசில் மாதிரி ஒரு சத்தம். புரொபசர் சட்டென்று உட்கார்ந்துவிட்டான். "ஆறுமணிக் குருவி!" காலை ஆறு, மாலை ஆறு, அந்தப் பொழுதில் கத்துவதால் அந்தப் பேர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம்ம பக்கமும் இலங்கைக்கும் வந்து தங்குகிற பறவை. பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். காய்ந்த இலையைக் கிளறிக்கொண்டு ஒரே ஒரு விநாடி வெளியே வந்தது. பச்சை முதுகு, மஞ்சள் நெஞ்சு, வாலுக்கடியில் சிவப்பு, சிறகில் நீலம். ஒரு குருவிக்கு இத்தனை கலர் எதுக்கு என்று கேட்கத் தோன்றியது. ரீல்ஸ் போனைத் தூக்குவதற்குள் போய்விட்டது. ஆச்சரியம், அவன் திட்டவில்லை.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போர்வைக்குள் சுருண்டபோது புரொபசர் மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மிளகு வழி காட்டப் போனான். வேறு வழியில்லாமல் நானும். தோட்டத்து ஓரத்தில் பெரிய பாறை ஒன்று. புரொபசர் அதன் அடியில் குப்புறப் படுத்து வெளிச்சத்தை மெதுவாக நகர்த்தினான். ஜனவரிக் குளிர் காதை அறுத்தது.

"இங்க வா" என்றான் ரகசியக் குரலில்.

பாறை இடுக்கில் ஒரு பல்லி. வீட்டுச் சுவரில் பார்ப்பது மாதிரி வழவழப்பாக இல்லை. மண் நிறம், முதுகு முழுக்கச் சின்னச் சின்ன மணி கோத்த மாதிரி புடைப்பு. எங்களைப் பார்த்தும் அசையவில்லை.

"இதுதானா? அந்தக் கொல்லி...?"

"தெரியாதுடா. செதிலை எண்ணணும், விரலுக்கு அடியில பார்க்கணும், அப்பதான் சொல்ல முடியும். தொடாம போட்டோ மட்டும் எடுத்துக்கறேன். இருக்கலாம்."

அந்த 'இருக்கலாம்' எனக்குப் பிடித்திருந்தது. பரீட்சை ஹாலில் தெரியாத கேள்விக்கு நாலு பக்கம் எழுதுகிற கூட்டம் நாங்கள்.

மிளகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தப் பாறையில சின்ன வயசுலேர்ந்து விளையாடியிருக்கேன். இதை நூறு தடவை பார்த்திருப்பேன். இதுக்கு எங்க மலை பேரு இருக்கும்னு யாரும் சொன்னதில்ல" என்றான்.

திரும்பி வந்தபோது ஆயா விழித்துக்கொண்டிருந்தார்கள். பல்லி பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க என்று சிரித்துவிட்டு, சின்ன வயசில் தேவாங்கு பார்த்ததைச் சொன்னார்கள். ராத்திரியில் கிளையில் மெதுவாக, ஒவ்வொரு கையாக எடுத்து வைத்துப் போகுமாம். கண்ணு மட்டும் ரெண்டு காசு மாதிரி மின்னுமாம். "பார்த்தா ஆகாதுன்னு சொல்லி அடிச்சுப் போட்டாங்க. பாவம், அதுக்கு ஓடத் தெரியாது." தேவாங்குக்கென்றே நாட்டிலேயே முதல் சரணாலயம் 2022-ல் நம்ம பக்கத்தில்தான் வந்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் காடு, 11,806 ஹெக்டேர். புரொபசர் இதைச் சொன்னதும் ஆயா கேட்ட ஒரே கேள்வி: "அங்க ரோடு போட்டிருக்காங்களா?" போட்டால் நல்லது என்கிறார்களா, கூடாது என்கிறார்களா என்று புரியவில்லை. அடுத்த நாள் புரிந்தது.

விடிகாலையில் மரவள்ளிக் காட்டில் தகர டப்பா தட்டும் சத்தம். மிளகுவின் அப்பா காவலுக்குப் போயிருந்தார். காட்டுப்பன்றி! நாங்கள் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். பறித்துப் போட்ட கிழங்கும், சேற்றில் குளம்புத் தடமும்தான் மிச்சம். "இது பாதி மார்க்" என்று நோட்டில் எழுதினான் பட்ஜெட். அப்பா முகத்தைப் பார்த்த பிறகு, எழுதியதை மூடி வைத்துக்கொண்டான். எங்களுக்கு அது ஓரியின் நாலாவது விலங்கு. அவருக்கு மூன்று மாசத்துக்கு முன்னால் கட்டிய அடகு.

ஆகாய கங்கை பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சீக்கிரம் முடிக்கிறேன். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். இறங்கும்போது ஹீரோ, ஏறும்போது ஜீரோ. முந்நூறு அடி உயரத்திலிருந்து ஐயாறு அப்படியே தலைகீழாக விழுகிறது. கிட்டே போனால் தண்ணீர் உடம்பில் படுவதற்கு முன்னால் காற்றே ஈரமாக அறைகிறது. அரை மணி நேரம் நாங்கள் பேசியது ஒருத்தருக்கும் கேட்கவில்லை, ஆனாலும் பேசிக்கொண்டேயிருந்தோம். கீழே பாறை இடுக்கில் உடைந்த பீர் பாட்டில் ரெண்டு. மிளகு அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான், பழக்கப்பட்டவன் மாதிரி. கோயில் பக்கத்து ஆற்றில் மீன்கள் கும்பல் கும்பலாக நிற்கின்றன, யாரும் பிடிப்பதில்லை. வெட்டிச் சமைத்த மீன் மறுபடி ஒட்டி உயிர் பெற்று ஆற்றில் குதித்தது என்று தல புராணம். மீனுக்கு இதைவிட நல்ல பாதுகாப்புச் சட்டம் கிடைக்காது.

ஏறி வரும்போது ஒரு அறுநூறாவது படி இருக்கும். முட்டி நடுங்கி நான் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்துப் பாறையில், வெயில் காய்ந்துகொண்டு நீளமாக ஒன்று. மூணு அடி இருக்கும். கழுத்தை நிமிர்த்தி, பிளந்த நாக்கை நீட்டி எங்களை ருசி பார்த்தது.

உடும்பு!

யாரும் கத்தவில்லை. அது நிதானமாகத் திரும்பி, வாலை இழுத்துக்கொண்டு இடுக்குக்குள் போனது.

"ஒண்ணரை மார்க்" என்றான் பட்ஜெட், மெதுவாக.

புரொபசர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "கவனிச்சியா? ஓரியோட அம்பு பெரிசுலேர்ந்து சின்னதுக்குப் போயிருக்கு. இங்க காணாமப் போனதும் யானை, புலின்னு அதே பக்கத்துலேர்ந்துதான். கடைசில மாட்டின உடும்புதான் நமக்கு மிஞ்சியிருக்கு." அதையும் மருந்து, கறி என்று பிடித்தவர்கள் ஏராளம். வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு எந்தப் பட்டியலோ உடும்புக்கும் அதே முதல் பட்டியல்தான் என்பது பலருக்குத் தெரியாது.

மேலே வந்து முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தோம். பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் முளைத்த கிழங்கு. முட்டிவலிக்கு நல்லது என்றார்கள். என் முட்டி அதை நம்பவில்லை. ஆனால் மிளகும் சீரகமும் போட்ட அந்தச் சூடு தொண்டையில் இறங்கியபோது வேற எதுவும் தேவைப்படவில்லை.

மதியம் பஸ். அம்மா அஞ்சு பேருக்கும் தனித்தனிப் பொட்டலமாக மிளகு கட்டிக் கொடுத்தார்கள். மிளகுவை வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி, "பார்த்துப் போ சாமி" என்றார்கள். அந்தப் பேரை நான் இங்கே எழுத மாட்டேன். அது அவர்கள் வீட்டுப் பேர்.

இறங்கும்போது போர்டுகள் தலைகீழாக வந்தன. எழுபது, அறுபது, ஐம்பது. எல்லோரும் அரைத் தூக்கம். திடீரென்று பஸ் மெதுவாகி நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 47/70.

ரோட்டின் ஓரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. மடியில் குட்டி. அது தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. தாய் அதன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, விரலால் முடியை விலக்கியது, தூக்கி மார்போடு வைத்தது, குட்டியின் கை வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தது. மற்றதெல்லாம் சுவர் மேல். எங்கள் பஸ் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு.

"காலையில கார்காரன் அடிச்சுட்டுப் போயிட்டான் தம்பி" என்றார் கண்டக்டர். "எத்தனை நாளைக்குத் தூக்கிட்டுத் திரியுமோ. நாத்தம் அடிச்சாலும் கீழ போடாது. எல்லாம் இந்தப் பிஸ்கட்டுக்கு ஓடி வர்றதுதான்."

நேற்று நான் பார்த்த குட்டிதானா அது? தெரியாது. அந்தக் கூட்டத்தில் எத்தனையோ குட்டி இருக்கலாம். புரொபசர் மாதிரி நானும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். ஆனால் பிஸ்கட் ரோட்டின் நடுவில் விழுந்த இடம் எனக்குத் தெரியும். பஸ் நின்றிருந்தது அதற்கு நேரெதிரே.

டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. தாய்க் குரங்கு தானாக எழுந்து, ஒரு கையால் குட்டியை அணைத்துக்கொண்டு, மூன்று காலில் சுவர் ஏறும் வரைக்கும் காத்திருந்தார். என் மடியில் இருந்த பையில் மூன்று பாக்கெட் பிஸ்கட். யாராவது அதைப் பார்த்துவிடுவார்களோ என்று பையின் ஜிப்பை மூடினேன். மிளகு பக்கத்து சீட்டில்தான் இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எதிர்ப் பக்க ஜன்னலைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

காரவள்ளி, சேந்தமங்கலம், நாமக்கல். யாரும் பேசவில்லை. ரீல்ஸ் போனை எடுக்கவேயில்லை.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் டீ சொன்னோம். மற்ற மூன்று பேரும் திருச்சி பஸ் பார்க்கப் போனபோது, நானும் மிளகும் மட்டும்.

"நேத்து பஸ்ல சொன்னது தப்புடா" என்றேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "எதைச் சொல்ற? பிஸ்கட்டையா, சொந்தக்காரங்கன்னு சொன்னதையா?"

"ரெண்டும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டாவது நீ மட்டும் சொன்னதில்ல. கீழ ஸ்கூலுக்கு வந்ததுலேர்ந்து கேட்கறேன். ஆறாவதுலேர்ந்து."

"அப்ப ஏன் சிரிச்ச?"

"சிரிக்கலன்னா அடுத்தது சொல்வீங்க." கிளாஸை வைத்துவிட்டு, "டீ ஆறுது, குடி" என்றான்.

எனக்கு அப்போது பதில் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் அதைச் சொல்ல வாய் வந்திருக்காது. எந்தப் பக்கம் போனாலும் வாயை வைத்துக்கொண்டு ஜெயித்து வருகிறவன் நான். அந்த டீக்கடை வாசலில் பிடித்த டம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

திரும்பி வந்து ரெண்டு வாரம் ஆகிறது. புரொபசர் அந்தப் பல்லி போட்டோவை அவன் டிபார்ட்மெண்ட் சாரிடம் காட்டினான். 'கூர்ந்து பார்த்தால் சரியாகத் தெரியும், இன்னும் கிட்டத்தில் எடுத்த படம் வேணும், கால் விரல் தெரியணும்' என்றாராம். அதைக் கேட்டதும் எல்லோரும் மிளகுவைப் பார்த்தோம். பார்த்துவிட்டு நான் கூப்பிட்டேன். வருகைப் பதிவேட்டில் இருக்கிற பேரை.

"என்னடா புதுசா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. மறுபடி வரலாமா?"

"ஏப்ரல் கடைசில வாங்க. பலா பழுக்க ஆரம்பிச்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆயா கதையோட மிச்சம் கேட்கணும்னு சொன்ன இல்ல?"

பட்ஜெட் அன்று ராத்திரி நோட்டை எடுத்து டூர் கணக்கை முடித்தான். தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றான்.

"பிஸ்கட் நாலு பாக்கெட், நாப்பது ரூபா. மூணு பாக்கெட் மீதி இருக்குல்ல? இதைப் பொதுக் கணக்குல போடவா, வேணாமா?"

"என் கணக்குல எழுது" என்றேன்.